பழைய சிதறு துப்பாக்கி

பழைய சிதறு துப்பாக்கி என்பது ஒருவர் உரிமம் பெற்று வைத்திருந்து, பின்னர் உரிமம் பெற்ற மற்றொருவருக்குக் கைமாறும் வழவழப்பான குழல் கொண்ட வேட்டைத் துப்பாக்கியைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது "12 போர்" அல்லது "தோட்டாத் துப்பாக்கி" எனப்படுகிறது. 1980களின் நடுப்பகுதியில் தனியார் வெளிநாட்டுச் சுடுகலன்களை இறக்குமதி செய்வது கட்டுப்படுத்தப்பட்டது. அன்று முதல் ஐரோப்பிய, அமெரிக்கத் துப்பாக்கிகள் இந்தியாவில் பெரும்பாலும் பழைய பொருளாகவே கிடைக்கின்றன. அறுபது, எழுபது ஆண்டுகளைக் கடந்த துப்பாக்கிகளும் இன்றுவரை விலைபோவதற்கு இதுவே காரணம். அவற்றுள் அரைத் தானியங்கி வகை வாங்குவதற்கு அரிது, பேணுவதற்கும் கடினமானது.

வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டங்களைப் போன்று காட்டை ஒட்டிய வேளாண் பகுதிகளில் இத்துப்பாக்கி பயிர்ப் பாதுகாப்புடன் சேர்த்துப் பேசப்படுகிறது. எனினும், பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையும், பயிரை மேயும் விலங்கைச் சுடும் உரிமையும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறியாமல் வாங்கியவர் குற்ற வழக்கில் சிக்க நேரிடலாம்.

பெயரும் வகைகளும்

புரித்துப்பாக்கியின் (ரைபிள்) குழலுக்குள் திருகு வரிகள் இருக்கும். சிதறு துப்பாக்கியின் குழலில் அவை இல்லை. ஒரு தோட்டாவில் உள்ள பல சிறு ஈய ரவைகள் குழலை விட்டு வெளியேறியதும் பரவிச் செல்கின்றன. "12" என்னும் எண் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்றின் விட்டம் எவ்வளவோ அதுவே 12 துளையின் அளவு. இது ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர் ஆகும். இக்கணக்கின்படி 16 துளை, 20 துளை ஆகியவை அதைவிடக் குறுகியவை.

குழலின் வாய்வழியே மருந்தையும் ரவையையும் இட்டு இடிக்கும் வாய்நிரப்பித் துப்பாக்கி பழமையானது. பின்புறம் மடித்துத் தோட்டாவை இடும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளே உரிமதாரர்களிடம் மிகுதி. முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது பம்ப் வகை. திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை 12 துளைப் பம்ப் துப்பாக்கியைத் தயாரித்து வருகிறது. பீகாரின் முங்கேரிலும் சம்முவிலும் உள்ள தனியார் தொழிற்கூடங்கள் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் வகைகளைச் செய்கின்றன.

அரைத் தானியங்கித் துப்பாக்கியில், சுடும்போது பிறக்கும் ஆற்றலே வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ஆனால் ஒவ்வொரு வேட்டுக்கும் விசையைத் தனித்தனியே இழுக்க வேண்டும். இவ்வகையில் முதன்முதலில் பெருவெற்றி பெற்றது ஜான் பிரவுனிங் வடிவமைத்த "ஆட்டோ-5" ஆகும். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1902 முதல் இதைத் தயாரித்தது. சுட்டவுடன் இதன் குழல் முழுவதும் பின்னோக்கி நகர்ந்து திரும்பும். 1963இல் வெளிவந்த ரெமிங்டன் 1100, குழலிலிருந்து சிறிதளவு வளிமத்தைத் துளைவழியே எடுத்து இயங்குவது. இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் நிலைமத்தால் இயங்கும் பொறியமைப்பைப் பரவலாக்கியது.

சட்டநிலை

இந்தியாவில் சுடுகலன்கள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் ஆளப்படுகின்றன. இது 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் வகுக்கப்பட்ட 1962ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2016ஆம் ஆண்டு விதிகள் வந்தன. விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரும் சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குகின்றனர். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகலன்களின் எண்ணிக்கையை அது மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்று வைத்திருந்தோர் ஓராண்டுக்குள் ஒன்றைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

பயிர்ப் பாதுகாப்பைப் பற்றிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தனியே கூறுகிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கென முதலில் கருதப்படுவது வாய்நிரப்பித் துப்பாக்கியே. அது போதாது என்று உரிமம் வழங்கும் அலுவலர் நிறைவடைந்தால் மட்டுமே, 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய பிற வழவழப்புத் துளைத் துப்பாக்கியை அனுமதிக்கலாம். அரைத் தானியங்கிச் சுடுகலன்களோ விதிகளின் முதல் அட்டவணையில் சாதாரணத் தோட்டாத் துப்பாக்கிகளுடன் சேர்க்கப்படாமல், மிகுந்த கட்டுப்பாடுடைய முதல் வகையில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே இரட்டைக்குழல் துப்பாக்கிக்கான உரிமத்தைக் காட்டி ஓர் ஆட்டோ-5ஐ வாங்கிவிடலாம் என்று எண்ணுவது தவறு. விலை பேசுவதற்கு முன் உரிமத்தில் எழுதப்பட்டுள்ள வகையைப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

தனியார் ஒருவர் தம் துப்பாக்கியை மற்றொரு உரிமதாரருக்கு விற்கலாம். ஆனால் வாங்குபவரின் பெயர், முகவரி ஆகியவற்றுடன் தம் நோக்கத்தை மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே கைமாற்ற முடியும். பணம் கொடுத்தவுடன் பொருளை எடுத்துச் செல்லும் வழக்கம் இங்கே செல்லாது. அவ்வாறு எடுத்துச் சென்றால் விற்றவரும் வாங்கியவரும் ஒருசேரக் குற்றவாளிகளாவர். வணிகர் வழியாக வாங்குவதே பலருக்கும் எளிது.

பழைய துப்பாக்கிகள் பல வாரிசுரிமை வழியாகவும் கைமாறுகின்றன. உரிமதாரர் இறந்தபின் அவரது துப்பாக்கி வீட்டிலேயே இருப்பது சட்டப்படி உடைமையாகாது. உரிமம் கிடைக்கும்வரை அதைக் காவல் நிலையத்திலோ வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிருடன் இருக்கும்போதே வாரிசு உரிமம் கோர 2016ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. இவ்வழியை அறிந்த குடும்பங்கள் குறைவு. தந்தையின் மறைவுக்குப் பின் பரணில் கிடக்கும் துப்பாக்கி அறியாமையாலேயே உரிமமற்ற ஆயுதமாகிவிடுகிறது.

குடியாத்தம் பகுதி

குடியாத்தம் நகரம் பாலாற்றின் துணையாறான கௌண்டின்ய ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. இந்நகரம் தீப்பெட்டி, பீடி, கைத்தறிக் கைலி ஆகியவற்றால் அறியப்பட்டது. அருகிலுள்ள பேரணாம்பட்டும் ஆம்பூரும் தோல் பதனிடுதலால் அறியப்பட்டவை. நகரின் வடமேற்கே மோர்தானா அணையையும் சைனகுண்டாவையும் தாண்டினால் ஆந்திர எல்லைக் காடுகள் தொடங்குகின்றன. எல்லைக்கு அப்பால் சித்தூர் மாவட்டப் பக்கம் கௌண்டின்ய வனவிலங்கு காப்பகம் உள்ளது. 1980களில் ஒசூர்ப் பக்கக் காடுகளிலிருந்து இடம்பெயர்ந்த யானைகளே இக்காப்பகம் உருவாகக் காரணமாயின. இவ்யானைகள் மாநில எல்லையைக் கடந்து குடியாத்தம், பேரணாம்பட்டு பகுதியின் நெல், கரும்பு, வாழை, மா ஆகியவற்றுக்குள் இறங்குகின்றன. காட்டுப்பன்றிகள் நிலக்கடலையைக் கிளறிவிடுகின்றன. ஓர் இரவில் ஒரு பருவத்தின் உழைப்பு அழிந்துபோகும் உழவர் துப்பாக்கியை நினைப்பது இயல்பே.

ஆயினும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்னும் சொல் கொல்வதை மட்டும் குறிப்பதன்று. காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதும் வேட்டையே. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் செய்ததற்கு மட்டுமே விலக்கு உண்டு. பயிர் இவ்விலக்கில் அடங்காது. யானை முதல் அட்டவணையைச் சேர்ந்தது. அதன்மீது ரவைகளைச் சுடுவது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, காயம்பட்ட யானை அடுத்து வரும் மனிதர்மீது பாயும் என்பதால் மிகக் கொடிய செயலுமாகும். காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிருக்குள் வரும் பன்றிகளைச் சுடலாம். ஆனால் சுட வேண்டியவர்கள் வனத்துறைப் பணியாளர்கள். நிலத்தின் உரிமையாளர் அல்லர்.

ஒரு காப்பகத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் வாழும் உரிமதாரர் தம் துப்பாக்கியைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும், அத்தொலைவுக்குள் புதிய உரிமம் வழங்க அவரது முன் இசைவு தேவை என்றும் அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுகிறது. எல்லையோரச் சிற்றூர்களில் விண்ணப்பிப்போர் தம் நிலத்தின் தொலைவை முதலில் அறிந்துகொள்வது நலம்.

வாங்குமுன் ஆராய்தல்

முதற்கண் துப்பாக்கி வெறுமையாக உள்ளதா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். பின்னர் குழலிலும் பொறிப்பெட்டியிலும் பொறித்துள்ள எண்களை உரிமத்திலுள்ள எண்ணுடன் ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் புதுப்பித்தலின்போது இடர் வரும். எண் சுரண்டப்பட்ட துப்பாக்கியை எவ்விலைக்கும் தொடலாகாது. குழலின் நீளத்தையும் அளந்து பார்க்க வேண்டும். முனை சிதைந்ததால் முன்னவர் அறுத்திருக்கக்கூடும். உரிமமின்றிக் குழலைக் குறுக்குவது தனிக் குற்றமாகும். 20 அங்குலத்துக்குக் கீழே போனால் துப்பாக்கியின் வகையே மாறிவிடும்.

குழலைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால், ஒளி வட்டம் வட்டமாகத் தெரியும். வட்டம் நெளிந்த இடத்தில் நசுங்கலோ புடைப்போ உண்டு. குழலில் துணியோ மண்ணோ அடைத்திருக்கச் சுட்டதால் புடைப்பு உண்டாகிறது. அது ஏமாற்றி மறைக்க முடியாத குறை. சிறு சிறு கரும்புள்ளிகள் துருக்குழிகள். வாய்ப்பக்கம் சில இருந்தால் பொறுக்கலாம். தோட்டா அமரும் அறைக்கு அருகில் ஆழமாக இருந்தால் விலக்க வேண்டும். இரட்டைக்குழலைக் கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். ஓட்டை விழுந்த குடத்தைப் போல ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டையில் பற்றவைப்பு விட்டிருக்கிறது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியை ஆட்டிப் பார்த்தால் மூட்டுத் தேய்மானம் தெரியும். பின்கட்டையின் கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் மயிரிழை விரிசல் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். கோடையில் நாற்பது பாகை செல்சியசைத் தாண்டும் வேலூர் வெயிலில் மரம் சுருங்கும். திருகுகள் தளர்ந்த கட்டை அவ்விடத்தில்தான் பிளக்கும்.

மிகப் பழைய துப்பாக்கிகள் சிலவற்றின் குழலில் பாம்புத் தோலைப் போன்ற வரிகள் காணப்படும். இவை இரும்பு, எஃகு நாடாக்களை முறுக்கிப் பற்றவைத்துச் செய்த டமாஸ்கசு குழல்கள். அழகிற் சிறந்தவை, எனினும் பெரும்பாலும் கரும்புகை வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. புகையற்ற மருந்து நிரப்பிய இக்காலத் தோட்டாவை இவற்றில் இடுவது கையையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும். ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் குழலடியில் இலண்டன் (1637) அல்லது பர்மிங்காம் (1813) சோதனைக் கூடங்களின் முத்திரைகள் இருக்கும். புகையற்ற மருந்துக்கான "நைட்ரோ" தேர்வு முத்திரை இல்லாத குழலை அணிகலனாக மட்டுமே கருத வேண்டும். சென்னையின் பி. ஆர் அண்டு சன்சு போன்ற வணிகர்களின் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. பெயரைவிட முத்திரையே முதன்மையானது.

அறையின் நீளம்

பழைய துப்பாக்கிகளால் நேரும் விபத்துகளில் எளிதில் தவிர்க்கக்கூடியது இது. 12 துளைத் தோட்டாக்கள் 65, 70, 76 மில்லிமீட்டர் என வெவ்வேறு நீளங்களில் உள்ளன. இவ்வெண் தோட்டாவின் மடிப்பு விரிந்த பின்னுள்ள கூட்டின் நீளமாகும். சுடுவதற்கு முன் தோட்டா அதைவிடக் குட்டையாகவே இருக்கும். எனவே 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் தடையின்றி நுழையும். துப்பாக்கியும் ஒழுங்காக மூடும். சுட்டவுடன் மடிப்பு விரிய இடமின்றி, அறைக்கு முன்னுள்ள ஒடுங்கிய பகுதிக்குள் புகுந்து ரவையின் வழியை நெருக்குகிறது. அழுத்தம் ஏறுகிறது. புதிய துப்பாக்கி ஒருவேளை தாங்கலாம். தாத்தா காலத்துத் துப்பாக்கி தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. "உள்ளே போகிறது, ஆகவே பொருந்துகிறது" என்னும் சோதனை இங்கே பயனற்றது. குழலில் பொறித்த அளவைப் படிக்க வேண்டும்; பொறிப்பு இல்லையெனில் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் அளவியால் அளந்து சொல்ல வேண்டும்.

அரைத் தானியங்கியின் தனிக் குறைகள்

இரட்டைக்குழலின் குறைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். அரைத் தானியங்கியின் குறைகளோ உள்ளே ஒளிந்திருப்பவை. ஆகவே கழற்றிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்கலாகாது.

ஆட்டோ-5இல் முன்கட்டைக்குள் தோட்டாக் குழாயைச் சுற்றி ஒரு சுருள்வில்லும் உராய்வு வளையங்களும் உள்ளன. வலுவான தோட்டாவுக்கும் மென்மையான தோட்டாவுக்கும் இவ்வளையங்களை வெவ்வேறு வரிசையில் அமைக்க வேண்டும். மென்தோட்டா அமைப்பில் வைத்து வலுத்தோட்டாக்களைச் சுட்டால் குழல் பின்னோக்கி மோதி, முன்கட்டை பிளக்கும். பழைய ஆட்டோ-5களில் முன்கட்டை விரிசல் மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். அவ்விரிசல் முன்னவர் துப்பாக்கியை எப்படி நடத்தினார் என்பதைச் சொல்லிவிடும். உராய்வை நம்பி இயங்குவதால் அக்குழாயில் எண்ணெயை வழிய விடுவதும் கெடுதி. மெல்லிய பூச்சே போதும். போருக்கு முந்தைய 16 துளை ஆட்டோ-5களில் அறை 65 மி.மீ. அளவே இருப்பதுண்டு.

வளிம வகையில் கரி படிகிறது. வளிமத் துளை அடைபட்டால் வெற்றுக்கூடு முழுதும் வெளியேறாமல் சிக்கும். ரெமிங்டன் 1100இல் ஒரு சிறு இரப்பர் வளையம் வளிமத்தை அடைத்து நிற்கிறது. அது காய்ந்து வெடித்தால் துப்பாக்கி ஒற்றைக்குழலாகிவிடும். இதன் மீள்விசைச் சுருள்வில் பின்கட்டைக்குள் ஒரு குழாயில் இருப்பதால், பல ஆண்டுகள் யாரும் பாராமல் துருவேறிக் கிடக்கும். வெளியே பளபளக்கும் துப்பாக்கியில் இவ்விடத்தைக் காட்டச் சொல்வது நல்ல சோதனை. உதிரிப் பாகங்கள் இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. ஆயுதச் சட்டம் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்குவதால், நன்கு கடைசல் தெரிந்தவரானாலும் உள்ளூர்ப் பட்டறையாளரிடம் பாகம் செய்து வாங்க இயலாது. பயன்பாட்டைக் கருதுவோருக்கு, பாகங்கள் குறைந்த ஒரு நல்ல இரட்டைக்குழலே மலிவும் நீடிப்பும் உடையது.

பேணல்

சுட்ட அன்றே குழலைத் துடைக்க வேண்டும். வெண்கலத் தூரிகையால் தேய்த்து ஈயப் படிவையும் கரியையும் நீக்கி, காய்ந்த பருத்தித் துணியைக் கோலால் பலமுறை செலுத்தி, இறுதியில் எண்ணெய் தோய்ந்த துணியை ஒருமுறை செலுத்துவது வழக்கம். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய கைலித் துணி இதற்கு மிகவும் ஏற்றது. குடியாத்தத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தையல் பொறிக்கு இடும் கனிம எண்ணெய் போதுமானது. தேங்காயெண்ணெய் கூடாது: அது நாளடைவில் பிசினாகும், மார்கழிக் குளிரில் உறைந்து பொறியை மந்தமாக்கும்.

பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. தீக்குச்சியின் தலையில் உள்ளதும் அதே வேதிப்பொருள்தான். எரிந்தபின் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். உப்பு எண்ணெயில் கரைவதில்லை. ஆகையால் அத்தகைய தோட்டாவைச் சுட்டபின் குழலைக் கழற்றிச் சுடுநீரால் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே எண்ணெயிட வேண்டும்.

தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில் தோலுறை எளிதில் கிடைக்கும். பயணத்துக்கு அது சிறந்தது, வைப்புக்கு அன்று. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதில் எஞ்சியுள்ள பதனிடு பொருள்களும் உப்பும் எஃகைத் துருவேற்றும். வடகிழக்குப் பருவமழை முழுவதும் தோலுறையில் கிடந்த துப்பாக்கியைத் தை மாதத்தில் எடுத்தால், உறையின் தையல் வரி குழலில் துருக்கோடாகப் பதிந்திருக்கும். பூட்டிய உலோகப் பேழையில், குழலும் கட்டையும் பிரிக்கப்பட்ட நிலையில், தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி வைப்பதே முறை.

தோட்டாக்கள் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் "சக்திமான்" பெயரில் பரவலாகக் கிடைக்கின்றன. வாங்கும் எண்ணிக்கை உரிமத்தில் குறித்த வரம்புக்கு உட்பட்டது. காகிதக் கூடுடைய பழைய தோட்டாக்கள் மழைக்காலத்தில் உப்பி அறையில் சிக்கும். அவற்றைத் துப்பாக்கியுடன் சேர்த்து விற்பவர் இலவசமாகக் கொடுத்தாலும் பயன்படுத்தலாகாது.

தேர்தல் கால ஒப்படைப்பு

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமதாரர்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு கேட்கப்படுவது தமிழ்நாட்டில் வழமை. உள்ளாட்சி, சட்டமன்றம், மக்களவை என மாறிமாறி வருவதால் ஒரு துப்பாக்கி ஐந்தாண்டில் சில முறையாவது நிலைய அறையில் வாரக்கணக்கில் நிற்கும். ஒப்படைக்கும் முன் குழலின் உள்ளும் புறமும் வழக்கத்தைவிடத் தடித்த எண்ணெய்ப் பூச்சு இடுவதும், எண்ணும் உறுப்புகளின் நிலையும் குறித்த ஒப்புகைச் சீட்டைப் பெறுவதும், திரும்பப் பெற்ற அன்றே கழற்றித் துடைப்பதும் பழகிய உரிமதாரர்களின் வழக்கமாகும். அவ்வெண்ணெயை முற்றிலும் துடைக்காமல் சுடுவது குழலுக்குத் தீங்கு.